பத்தே நாடுகள், 18 ஆட்டங்கள்

கால்பந்து உலகக் கோப்பையை விட அதற்கான தென் அமெரிக்கத் தகுதிச் சுற்றுதான் எனக்குப் பிடித்த போட்டி என்று சொன்னால் நண்பர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். உலகக் கோப்பை ஒரு மாத விஷயம். சுலபமான குழுவில் விழுந்து, அப்புறம் ஒரு பெனால்டி ஷூட் அவுட்டும் கைகொடுத்தால் சுமாரான அணிகூட அரையிறுதியில் வந்து நிற்கும். தென் அமெரிக்காவில் அந்தக் கதையே நடக்காது. மொத்தம் 10 நாடுகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பது அணிகளோடும் சொந்த மண்ணில் ஒரு தடவை, அவர்கள் மண்ணில் ஒரு தடவை மோத வேண்டும், ஆக 18 ஆட்டங்கள், இரண்டு வருடம் இழுக்கும். குழு பிரிக்கும் வேலை கிடையாது. ஐரோப்பாவின் பெரிய அணிகளுக்கு நடுநடுவே சான் மரினோ, ஜிப்ரால்டர் என்று ஓய்வு மாதிரி ஒரு ஆட்டம் கிடைக்கும், இங்கே அப்படி மூச்சு விட ஒரு அணியும் இல்லை.

சிக்கல் ஒன்றுதான், நேரம். அங்கே இரவு ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை. நாலரைக்கும் ஐந்தரைக்கும் அலாரம் வைத்து எழுந்து, சத்தத்தைக் குறைத்து செல்போனில் பார்த்துவிட்டு அப்படியே பல் தேய்த்து வேலைக்குக் கிளம்பிய நாட்கள் நிறைய. வீட்டில் வாங்கிய திட்டும் நிறைய.

இந்தப் பத்து நாடுகளையும் கட்டி மேய்க்கும் அமைப்பின் பெயர் கான்மெபோல். ஐரோப்பாவின் யூஃபா எல்லாருக்கும் தெரியும், இதைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை, மெஸ்ஸி ஆடினால் இந்த நாடுகளின் கோப்பையான கோப்பா அமெரிக்காவைப் பார்ப்பதோடு சரி. ஆனால் உலகின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளில் இதுதான் மூத்தது. 1916 ஜூலை 9இல் பிறந்தது. அது அர்ஜென்டினா சுதந்திரத்தை அறிவித்த நாளின் நூற்றாண்டு. அதைக் கொண்டாட புவெனஸ் ஐரிஸில் நாலு நாடுகள் ஆடும் போட்டி ஒன்று நடந்துகொண்டிருந்தது; அந்தப் போட்டிக்கு நடுவிலேயே, உருகுவேக்காரரான எக்தோர் ரிவடாவியா கோமஸ் யோசனை சொல்ல, அர்ஜென்டினா, பிரேசில், சிலி, உருகுவே நான்கும் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டன. யூஃபாவும் ஆசியக் கூட்டமைப்பும் 1954இல்தான் வந்தன. ஏன், முதல் உலகக் கோப்பையே 1930இல்தானே.

அந்த 1916 போட்டியை இப்போது கோப்பா அமெரிக்காவின் முதல் பதிப்பாகக் கணக்கு வைக்கிறார்கள். முதல் ஆட்டத்திலேயே வம்பு. உருகுவே சிலியை 4-0 என்று அடித்தது, அதில் இரண்டு கோல் இசபெலினோ கிராதின் போட்டது. தோற்ற சிலி மறுநாள் ஒரு புகாரைத் தூக்கிக்கொண்டு வந்தது: உருகுவே தன் அணியில் இரண்டு ஆப்பிரிக்கர்களை ஆடவைத்துவிட்டதாம், ஆகவே முடிவு செல்லாதாம். அந்த இரண்டு பேர் கிராதினும் யுவான் டெல்காடோவும். இருவரும் கறுப்பினத்தவர்கள், இருவரும் உருகுவேக்காரர்கள், அவ்வளவுதான் விஷயம். புகார் எடுபடவில்லை. கடைசி ஆட்டத்தில் மைதானம் கொள்ளாத கூட்டம் வந்து, ஆட்டம் நின்று, ஆத்திரத்தில் மரக் காலரிகளுக்கே தீ வைத்தார்கள். மறுபடி வேறு மைதானத்தில் ஆடி 0-0 என்று முடித்து, உருகுவே சாம்பியன்.

நூற்றுப் பத்து வருடத்துக்கு முந்தைய கதைதானே என்று விட்டுவிடலாம் என்றால், 2025 மார்ச்சில் கான்மெபோலின் தலைவர் அலெஹான்ட்ரோ டொமிங்கெஸ் என்ன செய்தார் தெரியுமா? பிரேசில் கிளப் வீரர்கள் மீதான இனவெறிக்கு இந்த அமைப்பு உருப்படியாக எதுவும் செய்வதில்லை என்று பிரேசிலில் கொதித்துக்கொண்டிருந்த நேரம். பிரேசில் அணிகள் இல்லாத லிபர்டடோரெஸ் கோப்பையை (தென் அமெரிக்க கிளப்புகளின் பெரிய போட்டி) கற்பனை செய்ய முடியுமா என்று கேட்டதற்கு, அது சீட்டா இல்லாத டார்ஸான் மாதிரி என்றார். சீட்டா டார்ஸானோடு வரும் சிம்பன்சி. அந்த வாரத்தில், அந்தப் பிரச்சினையில், அந்த உதாரணம். பிறகு மன்னிப்புக் கேட்டார்.

பத்து வீடுகள் மட்டுமே உள்ள தெருவில் எல்லாருக்கும் எல்லார் வண்டவாளமும் தெரிந்திருக்கும், எந்தச் சண்டையும் முழுசாக முடியாது, இன்றைக்கு ஒருவர் செய்தது நாளைக்கு அவர் வாசலுக்கே வந்து நிற்கும். கான்மெபோலை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். புதிதாகக் குடி வருபவர்களும் இல்லை. கடைசியாக 1952இல் வெனிசுவேலா வந்தது, அதோடு கதவைச் சாத்திவிட்டார்கள். வரைபடத்தில் தென் அமெரிக்காவிலேயே இருக்கும் கயானாவும் சுரினாமும் ஃபிரெஞ்சு கயானாவும் வட, மத்திய அமெரிக்கக் கூட்டமைப்பில் ஆடுகின்றன. கயானாவை நமக்கு வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட்டோடு சேர்த்துத்தானே தெரியும், கால்பந்திலும் அவர்கள் முகம் கரீபியன் பக்கம்தான்.

எல்லாரும் எல்லாரோடும் மோதும் இந்த முறை 1996இல்தான் ஆரம்பித்தது, 1998 உலகக் கோப்பைக்காக. அதற்கு முன் சின்னச் சின்னக் குழுக்கள், சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும். சின்ன நாடுகளுக்கு அது பெரிய பாதகம், ஏனென்றால் மற்ற நேரத்தில் பெரிய அணிகள் அவர்களோடு ஆட வராது. 18 ஆட்டம் என்று ஆன பிறகு பாருங்கள்: அதுவரை உலகக் கோப்பையையே பார்த்திராத எக்வடோர் 2002இல் போனது, பிறகு 2006, 2014, 2022, 2026 என்று போய்க்கொண்டே இருக்கிறது. பேஸ்பால் பைத்தியமான வெனிசுவேலா எப்போதும் அடி வாங்கும் அணியாக இருந்தது. அது 2004இல் மான்டிவிடியோவுக்கே போய் உருகுவேயை 3-0 என்று சாய்த்தது. வருடக்கணக்கில் பிரேசிலோடும் அர்ஜென்டினாவோடும் மோதிக்கொண்டே இருந்தால் எந்த அணியும் கற்றுக்கொள்ளும்.

பொலிவியா மட்டும் வேறு வழி வைத்திருக்கிறது. மலை. லா பாஸ் மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரம். கீழிருந்து வரும் அணிகளுக்கு இருபது நிமிடத்திலேயே மூச்சு வாங்கும், காற்று அடர்த்தி குறைவு என்பதால் பந்தும் எதிர்பார்த்ததை விட வேகமாகப் பாயும், கோல்கீப்பர்கள் பாடு திண்டாட்டம். பல அணிகள் தாழ்வான சாந்தா க்ரூஸில் தங்கிவிட்டு, ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்புதான் மேலே ஏறும், உடம்புக்கு விஷயம் தெரியவருவதற்குள் ஆடி முடித்து இறங்கிவிடலாம் என்று. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பிரேசிலின் முதல் தோல்வியே 1993இல் இங்கேதான்.

2007இல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டம் கூடாது என்று தடை போட்டது. பொலிவியா கொந்தளித்தது, அதிபர் ஈவோ மொராலெஸ் தானே மலை மேல் பந்தாடிக் காட்டினார், மரடோனாவும் ஆதரவாக லா பாஸ் வந்து ஆடினார். 2008இல் தடை நீங்கியது. அடுத்த வருடம், 2009 ஏப்ரல் 1 அன்று, அதே மரடோனா அர்ஜென்டினாவின் பயிற்சியாளராக, அணியில் மெஸ்ஸியையும் வைத்துக்கொண்டு லா பாஸ் வந்தார். 6-1 என்று தோற்றார். ஏப்ரல் ஒன்றாம் தேதி வேறு, யாரும் முதலில் நம்பியிருக்க மாட்டார்கள். நான் சொல்லவந்த தெருக் கதை இதுதான், நல்லது செய்தாலும் திரும்பி வரும்.

கெட்டது செய்தால் இன்னும் வேகமாக வரும். சிலியின் கதையைக் கேளுங்கள், இதை எத்தனை தடவை யாரிடம் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. 1989இல் ரியோவின் மாராக்கானா மைதானத்தில் பிரேசிலோடு முக்கியமான ஆட்டம், சிலி 0-1 என்று பின்தங்கி நிற்கிறது. கூட்டத்திலிருந்து ஒரு தீப்பந்தம் உள்ளே வந்து விழ, சிலி கோல்கீப்பர் ரொபெர்த்தோ ரோஹாஸ் முகமெல்லாம் ரத்தத்தோடு கீழே கிடக்கிறார். அணி வெளிநடப்பு. அப்புறம் படங்களைப் பார்த்தால் தீப்பந்தம் அவர் மேல் படவே இல்லை, கையுறைக்குள் பிளேடு ஒளித்து வைத்து தன்னைத் தானே கீறிக்கொண்டிருக்கிறார். 1994 உலகக் கோப்பைக்கான போட்டியிலிருந்தே சிலியை விலக்கிவைத்தார்கள்.

அது பழைய கதை. 2015, 2016 என்று அடுத்தடுத்து இரண்டு கோப்பா அமெரிக்காவை, இரண்டு தடவையும் ஃபைனலில் அர்ஜென்டினாவைப் பெனால்டியில் வென்று தூக்கிய அருமையான அணி சிலியிடம் இருந்தது. சான்செஸ், விதால், பிராவோ எல்லாரும் உச்சத்தில். 2018 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அவர்கள் பொலிவியாவோடு 0-0 டிரா செய்தார்கள். அந்த ஆட்டத்தில் பொலிவியா இறக்கிய நெல்சன் கப்ரேரா பராகுவேயில் பிறந்தவர், அந்த நாட்டுக்கே முன்பு ஆடியவர், பொலிவியாவுக்கு ஆடும் தகுதிக்காலம் முடியவில்லை என்று சிலி கண்டுபிடித்துப் புகார் கொடுத்தது. புகார் நியாயமானதுதான். ஃபிஃபா ஒத்துக்கொண்டு ஆட்டத்தை 3-0 என்று சிலிக்குக் கொடுத்தது, டிராவுக்குக் கிடைத்த ஒரு புள்ளி மூன்றானது. சிலிக்கு லாபம் இரண்டு புள்ளி.

ஆனால் அதே கப்ரேரா பெருவுக்கு எதிராகவும் இறங்கியிருந்தார், அந்த ஆட்டத்தில் பெரு 0-2 என்று தோற்றிருந்தது. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே. அதுவும் 3-0 ஆனது, பெருவுக்கு லாபம் மூன்று புள்ளி. 2017 அக்டோபர் 10, கடைசி நாள், எல்லா ஆட்டமும் முடிந்தபோது பெருவும் சிலியும் தலா 26 புள்ளி. கோல் வித்தியாசத்தில் பெரு மேலே. பெரு ஐந்தாவது இடம் பிடித்து, மிச்ச இடத்துக்கான பிளே ஆஃபில் நியூசிலாந்தை வென்று, 36 வருடம் கழித்து உலகக் கோப்பைக்குப் போனது. சிலி வீட்டில் உட்கார்ந்தது. அந்தப் புகாரே வராமல் இருந்திருந்தால் சிலி 24, பெரு 23. கணக்கு போட்டுப் பாருங்கள்.

இதோடு முடிந்ததா? 2022க்கான சுற்றில் சிலி மறுபடியும் ஒரு புகார்: எக்வடோரின் பைரன் காஸ்தியோ உண்மையில் கொலம்பியாவில் பிறந்தவர், ஆவணங்கள் பொய் என்று. வழக்கு சுவிட்சர்லாந்து விளையாட்டு நீதிமன்றம் வரை போனது. காஸ்தியோவின் ஆவணத்தில் பொய்த் தகவல் இருந்தது உண்மைதான், ஆனால் எக்வடோரின் இடம் பறிபோகாது, தண்டனையாக அடுத்த சுற்றில் மூன்று புள்ளி கழியும் என்று தீர்ப்பு. எக்வடோர் அந்த மூன்று புள்ளி கழிவோடு 2026க்கான சுற்றைத் தொடங்கி, 29 புள்ளியோடு இரண்டாம் இடத்தில் முடித்தது. சிலி 11 புள்ளி, பத்தில் பத்தாவது. புகார் எழுதின நேரத்துக்கு இளைஞர் அணியைக் கவனித்திருக்கலாம் என்று தோன்றுகிறது, என்ன செய்வது.

தெரு சின்னது என்பதால் மைதானத்தில் யாரும் தப்பிக்க முடியாது, சரி. ஆனால் ஆபீஸ் ரூமில் அதே சின்னத்தனம் தலைகீழாக வேலை செய்தது. பத்து சங்கத் தலைவர்கள், பத்து ஓட்டு. அவ்வளவு பேரைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். கான்மெபோல் தலைமையகம் பராகுவேயில், அசுன்சியோனுக்குப் பக்கத்தில் லூக்கே என்ற ஊரில் இருக்கிறது. 1997இல் பராகுவே ஒரு சட்டம் போட்டு அந்தக் கட்டடத்துக்குத் தூதரகம் மாதிரி பாதுகாப்புக் கொடுத்தது, போலீஸ் உள்ளே நுழைய முடியாது. ஒரு பந்தாட்டச் சங்கத்துக்கு எதற்கய்யா தூதரகப் பாதுகாப்பு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். 2015 மே மாதம் சூரிச் ஹோட்டலில் ஃபிஃபா பெருந்தலைகள் லஞ்ச வழக்கில் கைதான பிறகுதான் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள்.

அந்த விவகாரத்தில் கான்மெபோலின் பங்கு அசாத்தியம். அடுத்தடுத்து மூன்று தலைவர்கள் மாட்டினார்கள். 1986 முதல் 2013 வரை நாற்காலியை விடாத நிகோலாஸ் லியோஸ், அமெரிக்காவுக்கு அனுப்பக் கூடாது என்று வழக்காடிக்கொண்டு வீட்டுக் காவலில் இருந்தபடியே 2019இல் இறந்தார். அவருக்குப் பின் வந்த உருகுவேயின் எவ்ஹேனியோ ஃபிகரேதோ அந்த மே மாதம் கைதானார். அவருக்குப் பின் வந்த ஹுவான் ஆங்ஹெல் நபூத் அதே ஆண்டு டிசம்பரில், அதே சூரிச் ஹோட்டலில் கைதானார் (அதே ஹோட்டலுக்கே மறுபடி போய்த் தங்கும் தைரியத்தை என்னவென்று சொல்வது), நியூயார்க்கில் குற்றம் நிரூபணமாகி ஒன்பது ஆண்டுச் சிறை. வழக்கின் மையம் கோப்பா அமெரிக்கா, லிபர்டடோரெஸ் ஒளிபரப்பு உரிமைகள். நாம் கண் விழித்துப் பார்த்த ஆட்டங்களை யாருக்கு விற்பது என்பதில் தின்ற லஞ்சம்தான் அது.

கோப்பா அமெரிக்கா நடத்தும் லட்சணத்தைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். 1959இல் ஒரே வருடத்தில் இரண்டு தடவை நடத்தினார்கள். பத்து பேர் போதாது என்று மெக்சிகோ, ஜப்பான், கத்தார் என்று விருந்தாளிகளைக் கூப்பிடுவார்கள். 2001இல் கொலம்பியாவில் கலவர பயம், போட்டி ரத்து என்றார்கள், சில நாளில் இல்லை நடக்கும் என்றார்கள். அர்ஜென்டினா வர மறுத்துவிட்டது. கடைசி நேரத்தில் கூப்பிட்ட ஹோண்டுராஸ், போட்டி தொடங்கிய பிறகு கொலம்பிய விமானப்படை விமானத்தில் வந்து இறங்கி, காலிறுதியில் ஸ்கொலாரியின் பிரேசிலை 2-0 என்று அனுப்பிவைத்து, மூன்றாம் இடமும் பிடித்தது! அடுத்த வருடம் அதே ஸ்கொலாரி பிரேசிலுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தார். கொலம்பியாவோ ஒரு கோல்கூட வாங்காமல் தன் ஒரே கோப்பையை வென்றது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது 2021இல். கொலம்பியாவும் அர்ஜென்டினாவும் சேர்ந்து நடத்த வேண்டியது. கொலம்பியாவில் போராட்டம், அர்ஜென்டினாவில் கொரோனா, இரண்டிடமும் கைவிட்டுப் போனது. தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது பிரேசிலுக்கு மாற்றினார்கள். அப்போது பிரேசிலில் கொரோனாச் சாவு நாலரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1918இல் இதே போட்டி ரியோவில் நடக்க வேண்டியிருந்தபோது விஷக் காய்ச்சல் பரவியதால் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தார்கள். மருத்துவம் அவ்வளவு வளராத காலத்தில் இருந்த புத்தி இப்போது இல்லை, ஒளிபரப்பு ஒப்பந்தம் இருக்கிறதே. ஃபைனலை மாராக்கானாவில் கிட்டத்தட்டக் காலி மைதானத்தில் வைத்தார்கள், டி மரியா கோலில் அர்ஜென்டினா 28 வருடம் கழித்து ஒரு பெரிய கோப்பை வாங்கியது. நானும் பார்த்தேன், ஞாயிறு காலை ஐந்தரை மணி, மெஸ்ஸி மண்டியிட்டதும் எனக்கும் தொண்டை அடைத்தது. கோபமும் அப்படியே இருந்தது.

கிளப் பக்கம் வேறு பிரச்சினை. 2018 லிபர்டடோரெஸ் ஃபைனலில் போகாவும் ரிவரும், புவெனஸ் ஐரிஸின் இரண்டு பரம வைரிகள்; ரிவர் ரசிகர்கள் போகா பேருந்தைக் கல்லால் அடிக்க, இரண்டாவது ஆட்டத்தைக் கடல் தாண்டி மாட்ரிட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது கான்மெபோல். அது கூத்து. அதை விடப் பெரிய விஷயம் 2019 முதல் 2025 வரை ஏழு தடவையும் பிரேசில் கிளப்புகளே ஜெயித்திருப்பது. பணம் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். தேசிய அணிகளில் பொலிவியா மலையை வைத்தாவது சமாளிக்கிறது, கிளப்புக்கு எந்த மலை இருக்கிறது?

இப்போது அந்தத் தேசிய அணிப் போட்டிக்கும் ஆபத்து. 2026 உலகக் கோப்பைக்கு 48 அணிகள் என்பதால் பத்தில் ஆறு நேராகப் போகும், ஏழாவதுக்கு பிளே ஆஃப். முன்பு நேராகப் போக நாலு இடம்தான், ஐந்தாவதுக்கு பிளே ஆஃப். பிரேசில் இந்தத் தடவை 18இல் ஆறு ஆட்டம் தோற்றது, அர்ஜென்டினாவிடம் 4-1 என்று அடி வாங்கியது, அதற்கு முன் மாராக்கானாவிலேயே அதே அர்ஜென்டினாவிடம் தோற்றது, சொந்த மண்ணில் தகுதிச் சுற்றில் அவர்கள் தோற்றதே அதுதான் முதல் தடவை. ஐந்தாம் இடம். ஒரு காலத்தில் ஐந்தாம் இடம் என்றால் பிரேசில் முழுக்க ஒப்பாரியாக இருந்திருக்கும், இப்போது சத்தமில்லாமல் டிக்கெட் கிடைத்துவிட்டது. இதுவும் போதாதென்று 2030 உலகக் கோப்பையை 64 அணிகளோடு நடத்துங்கள் என்று 2025 ஏப்ரலில் கேட்டதும் நம் டொமிங்கெஸ்தான். அந்த உலகக் கோப்பையின் நூற்றாண்டு ஆட்டங்கள் மூன்றை ஏற்கெனவே உருகுவேயும் அர்ஜென்டினாவும் பராகுவேயும் வாங்கிவிட்டன, அந்த மூன்றுக்கும் இடமும் உறுதி. 64 ஆனால் மிச்சம் உள்ளவர்களில் யார் வெளியே நிற்பது? யாரையாவது தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வெனிசுவேலா ரசிகர் ஒருவர் இதைப் படித்தால் என் மேல் எரிந்து விழுவார். பத்தில் இதுவரை உலகக் கோப்பையே ஆடாத ஒரே நாடு அவர்களுடையது, இடம் கூடினால் உனக்கென்ன என்று கேட்பார். நியாயம்தான். ஆனால் 2025 செப்டம்பர் 9ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள், ஏழாவது இடத்தில் வெனிசுவேலா, ஒரு புள்ளி பின்னால் பொலிவியா. பொலிவியா இப்போது லா பாஸும் போதாது என்று 4,000 மீட்டருக்கு மேலே எல் ஆல்த்தோவில் ஆடுகிறது. அங்கே வந்த பிரேசிலை, முதல் பாதி முடியும் நேரத்தில் மிகேல் தெர்செரோஸ் அடித்த பெனால்டியில் 1-0 என்று முடித்தது. அதே நேரத்தில் மத்தூரினில் வெனிசுவேலா கொலம்பியாவை இரண்டு தடவை முந்தியது, இரண்டு தடவையும் கோட்டைவிட்டது, கொலம்பியாவின் லூயிஸ் சுவாரெஸ் ஒருவரே நாலு கோல் போட்டார், கடைசியில் 3-6. ஏழாவது இடம் பொலிவியாவுக்குப் போனது, அதுவும் பிளே ஆஃப் ஆட ஒரு வாய்ப்புதான், உலகக் கோப்பை டிக்கெட்கூட இல்லை. பயிற்சியாளர் பெர்னாண்டோ பாட்டிஸ்டாவை வெனிசுவேலா உடனே வீட்டுக்கு அனுப்பிவிட்டது.